வெடிக் காக்கா பிரேக் பிடிக்காத நாள்

செய்தி வந்தபோது நான் அக்கரைப்பற்றில் ஒரு டயர்க் கடைக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். சண்டை எனக்காக அல்ல, என் மச்சானுக்காக. காலையில் அவர்தான் தன்னுடைய கெப் வாகனத்தைத் தந்து என்னை அனுப்பியிருந்தார். ட்ரெய்லருக்கு டயர் வேண்டும். கடைக்காரன் முதலில் காட்டுவதை வாங்கக் கூடாது, அடுத்து அவன் காட்டுவதையும் வாங்கக் கூடாது, அதற்கும் பிறகு அவன் உள்ளே போகும்போது நானும் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. நான் பின்னாலேயே போய், கடைக்காரர் என்னை வெளியே தள்ளிக்கொண்டிருந்த வேளையில் போன் அடித்தது. என் மனைவி ஜெமீலா.

“காக்கா போய்ட்டார்” என்றாள். காக்கா என்று அவள் சொன்னது தன் அண்ணனை, என் மச்சானை.

“எங்க போன? கெப்பு என்னட்ட இரிக்கே” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. வாகனம் இல்லாமல் என் மச்சான் போகக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

நான் சாய்ந்தமருதுக்கு வந்து சேர்வதற்குள் பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள். ‘மீராசாகிபு இஸ்மாலெவ்வை வபாத்தானார்’ என்று பதிவுப் பெயரைச் சொன்னார்களாம். ஊர் அசையவில்லை. இறைச்சிக் கடையில் இறைச்சி வெட்டினார்கள், தேத்தண்ணிக் கடையில் ரொட்டி வீசினார்கள். அப்படி ஒரு பெயரில் ஒருவர் ஊரில் இருந்ததே யாருக்கும் தெரியாது. முஅத்தின் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியைத் திரும்பப் போட்டு, தொண்டையைச் செருமி, “நம்மட வெடிக் காக்கா” என்றார். கல்முனையில் இருந்து நிந்தவூர் வரை கடைக் கதவுகளை இழுத்து மூடிய சத்தம் நடுக்கடலில் போன கப்பல்களுக்குக் கேட்டது. கப்பல் மாலுமிகள் எழுந்து நின்றார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் நின்றிருப்பார்கள்.

டயர் ஒன்றும் வெடிக்காத ஒரு காலையில், கதிரையில் இருந்தபடி, தேத்தண்ணி ஆறுவதற்கு முன் அவர் போய்விட்டார். அத்தனை இரும்பும் நெருப்பும் இரப்பரும் பாய்ந்து பாய்ந்து கடித்தும் சாகாத மனிதனை இதயம் என்ற சின்னச் சாமான் கொண்டுபோய்விட்டது. அந்த அவமானத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். மற்றப் பாதி அடி வாங்கியவர்கள். நான் இரண்டு கூட்டத்திலும் இருக்கிறேன். என் சான்றிதழ் என் வாயில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அவருடைய தொழில் வள்ளம் இழுப்பது. மருதமுனையில் ஒருவன் புது வள்ளம் வாங்கினால் அதைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். பருவம் மாறினால் எங்கள் ஆட்களின் வள்ளங்களைக் கோமாரிப் பக்கத்து மீன்பிடி வாடிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். கெப்பின் பின்னால் கொழுவிய ஒற்றை அச்சு ட்ரெய்லரில், பஸ்ஸும் லொறியும் ஆட்டோவும் உழவு மெசினும் மாடும் ஒரே நேரத்தில் ஓடுகிற கரையோரப் பெருந்தெருவில், வீட்டளவு வள்ளத்தை அவர் இழுத்துக்கொண்டு போவார். அவர் அரசர். இடப்பக்க ஆசனத்தில் இருந்து இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கும் நான் முதலமைச்சர். அமைச்சரின் பேச்சை அந்த அரசர் ஒரு நாளும் கேட்டதில்லை.

‘வெடி’ என்ற பட்டம் வந்தது கல்முனைச் சந்தைக்கு முன்னால். எங்கள் கரையில் வெடிச்சத்தம் என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும் வயதுக்காரர்கள் அதைக் கேட்டால் முதலில் படுப்பார்கள், பிறகுதான் யோசிப்பார்கள். அன்றைக்கு எங்கள் ட்ரெய்லர் டயர் ஒன்று வெடித்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் சந்தை முழுவதும் தரையில். மரக்கறிக்காரர் கத்தரிக்காய்க்குள், கோழிக்காரர் கோழிகளுக்குள், ஒரு பொலிஸ்காரர் ஓரத்தில் நின்ற ஆட்டோவுக்குக் கீழே. நானும் ஆசனத்தில் இருந்து வழுக்கிக் காலடிக்குள் போய்விட்டேன். தலை நிமிர்ந்து இருந்த உயிர்கள் இரண்டே இரண்டு: நடுத்தெருவில் நின்ற ஒரு மாடு, ஸ்டேரிங்கைப் பிடித்தபடி என் மச்சான். கெப்பை மெல்ல ஊர விட்டு, ஆட்கள் இல்லாத ஓரமாகப் பார்த்து நிறுத்தினார். பிறகு காலடியில் கிடந்த என்னைக் குனிந்து பார்த்தார்.

“வெடிக்குத் தலையக் குனியிறவன் ஸ்டேரிங் புடிக்கப்படா” என்றார். “ஒழும்பு. அடுத்த முறை நீ குனிஞ்சா உன்னயும் சேத்துத்தான் கழட்டுவன்.”

டயர் விசயத்தில் அவருக்கு இரக்கம் என்பதே கிடையாது. ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் ஒரு பாலைமரப் பொல்லுத் தடியால் ஒவ்வொரு டயரையும் அடிப்பார். அந்த அடியில் பக்கத்து வீட்டுக் கூரை ஓடு இடம் மாறும். சத்தம் பிடிக்காவிட்டால் காற்று அளக்கும் கருவியை வைப்பார். ஓடுமுன், குளிராக இருக்கும்போதுதான் அளக்க வேண்டும், ஓடிச் சூடான டயர் பொய் சொல்லும் என்பார். வழியில் தேத்தண்ணிக்கு நின்றால், தேத்தண்ணிக்கு முன் குனிந்து, சில்லின் நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கடல் தண்ணீர் புகுந்த பேரிங் சூடாகிக்கொண்டிருந்தால் அந்தப் புறங்கைக்குத் தெரியும். தேத்தண்ணிக் கடைக்காரர்கள் அவருக்கு முதலில் ஒரு பழந்துணி கொடுத்துவிட்டுத்தான் கோப்பையை நீட்டுவார்கள்.

வினாயகபுரத்துத் தங்கராசா இதை எழுதச் சொன்னவர்களில் ஒருவர், அதனால் அவருடைய சங்கதியை மறைக்க எனக்கு அனுமதி இல்லை. தங்கராசா தன்னுடைய சொந்த ட்ரெய்லரில் வள்ளத்தை ஏற்றிவைத்துவிட்டு, இழுத்தால் மட்டும் போதும் என்று எங்களைக் கூப்பிட்டார். டயர்கள் கறுகறுவென்று, தேய்மானமே இல்லாமல் இருந்தன. மச்சான் குந்தியிருந்து டயரின் கன்னத்தை விரலால் தடவினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள்.

“தங்கராசா, இது மையத்து.”

“என்ன காக்கா கதைக்கிறீங்க? இந்த டயர் ஓடவே இல்ல. வாங்கினதில இருந்து தென்னைக்குக் கீழதான் நிக்கிது.”

“அதான் செத்த. வெயிலுக்குள்ள நிண்டு நிண்டு காய்ஞ்சி செத்த. வெளியால சிரிக்கிது, உள்ளுக்க மௌத்து.”

“நாளைக்கு வள்ளம் கோமாரியில நிக்கணும். உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்க, நான் வேற ஆளப் புடிக்கிறன்.”

‘வேற ஆள்’ என்ற சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. மச்சான் பேசாமல் எழுந்து, வள்ளத்துக்குள் கிடந்த மீன் கத்தியை எடுத்து, டயரின் கன்னத்தில் பிடி வரைக்கும் இறக்கினார். காற்று சீறியது. மற்றப் பக்கத்துக்குப் போய் அதற்கும் ஒன்று. தங்கராசா பாய்ந்தார். இருவரும் மணலில் கட்டிப்பிடித்து உருண்டார்கள். உருண்ட வேகத்துக்குக் கடலுக்குள் இறங்கிச் சுமாத்திராவில் கரையேறியிருப்பார்கள், குறுக்கே ஒரு நங்கூரக் கயிறு கிடந்ததால் இலங்கையில் தங்கினார்கள். தங்கராசாவின் மூக்கில் இரத்தம். மச்சானின் காதில் தங்கராசாவின் முன்பற்கள்.

பொலிசில் கேட்டார்கள், ஏன் குத்தினாய் என்று.

“சேர், உசிரோட இரிந்தத நான் குத்தல்ல” என்றார் மச்சான். “நான் இழுக்காட்டி இன்னொருத்தன் இழுப்பான். வழியில எங்கயாவது வெச்சி அது வெடிக்கும். எதிருக்க வாறது ஸ்கூல் வேனா இரிந்தா என்ன செய்ற?”

அந்தப் பொலிஸ்காரரின் பிள்ளை ஸ்கூல் வேனில் போகிற பிள்ளையோ என்னவோ, அவர் பேனையை மூடிவிட்டார்.

இனி என் வாய்க்கு வருகிறேன்.

ஜெமீலாவின் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகன் அலியார் மருதமுனையில் புது வள்ளம் வாங்கினார். நிந்தவூர்க் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். புது வள்ளம் முதன்முதலாகக் கரைக்குப் போகும்போது வெறுமையாகப் போகக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திஹா ஓதி, சக்கரைச் சோற்று அண்டாவோடு சொந்தக்காரர்கள் வள்ளத்தில் ஏறி இருப்பார்கள். கரையில் இறங்கி, கண்டவர்களுக்கெல்லாம் நார்சா என்று அந்தச் சோற்றைப் பங்கிடுவார்கள். எங்கள் வீடுகள் கடலுக்குப் பக்கத்தில் இருந்த காலத்தில், கை வண்டியில் வைத்துத் தள்ளிய காலத்தில் உண்டான வழக்கம் அது. அதைப் பெருந்தெருவில் ட்ரெய்லரில் செய்யலாம் என்று நினைத்தவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான்.

“ஏலா” என்றார் மச்சான். “வள்ளத்துக்குள்ள ஆக்கள் இரிக்கிறது தண்ணியில. றோட்டில வள்ளம் வெறும் சாமான். சாமானுக்கு மேல ஒருத்தரும் ஏறப்படா.”

“ஓம் காக்கா” என்றார் அலியார்.

எங்கள் ஊரில் ஒருவர் இவ்வளவு கெதியாக ‘ஓம்’ சொன்னால் சந்தேகப்பட வேண்டும். மச்சான் கெப்பின் கொழுவியைப் பரிசோதிக்கக் குனிந்தார். நான் கண்ணாடியைத் துடைத்தேன். அந்த இடைவெளியில் அலியாரின் மனைவியும், அவளுடைய தங்கச்சியும், ஒரு அண்டா சக்கரைச் சோறும், என் மனைவி ஜெமீலாவும் வள்ளத்துக்குள் ஏறிப் படுத்து, படங்கை இழுத்து மூடிக்கொண்டார்கள். நான் ஜெமீலா அலியாரின் ஆட்டோவில் முன்னால் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய காக்காவும் அப்படித்தான் நினைத்தார்.

காரைதீவு தாண்டினோம். அந்த இடம் உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வயல், நடுவில் மேடாகத் தெரு, இடப்பக்கம் வாய்க்கால், ஓரம் என்று சொல்ல ஒரு பாய் விரிக்கக்கூட இடமில்லை. அறுவடைக் காலம். பின்னால் மணல் லொறி ஒன்று எங்களை முத்தமிடும் தூரத்தில் வந்தது. எதிரே கொழும்பு பஸ், தன் தகப்பனின் தெரு என்று நினைத்துக்கொண்டு வந்தது. இடப்பக்க ஓரத்தில் ஒரு வயதான மனிதர் சைக்கிளில் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தார்.

“ட்ரெய்லர் கதைக்கிது” என்றார் மச்சான். பாரம் கூடியிருந்ததை அவருடைய முதுகு உணர்ந்துவிட்டது. காலைத் தளர்த்தத் தொடங்கினார்.

அதற்குள் வெடித்தது.

நான் வாழ்நாளில் வெடி பல கேட்டவன். இது வேறு. ட்ரெய்லரின் இடப்பக்க டயர் தன் தோலைத் தானே உரித்தெடுத்து எறிந்தது. அந்த இரப்பர்ப் பட்டை சாட்டையாகச் சுழன்று மட்காட்டைப் பிய்த்தது, விளக்கை நொறுக்கியது, பின்னால் வந்த லொறியின் முன் கண்ணாடியில் அறைந்து கண்ணாடி முழுவதும் சிலந்திவலை பின்னியது. இரும்பு தெருவில் இறங்கியது. தீப்பொறி கண்ணாடிக்குள் கொட்டியது. வள்ளத்தின் வால் வாய்க்கால் பக்கம் வீசி, கெப்பின் மூக்கைப் பஸ்ஸுக்கு நேராக இழுத்தது. சைக்கிளில் போன மனிதர், எங்கள் கரையில் பிறந்த மனிதர் செய்வதைச் செய்தார்: சைக்கிளை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே குப்புறப் படுத்துவிட்டார். எங்களுக்கு நேர் முன்னால்.

அப்போது படங்குக்குக் கீழே இருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“காக்கா... அல்லாஹ்... நிப்பாட்டுங்க காக்கா...”

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்கள் அந்தக் கெப்பில் இரண்டு பேர். அவள் ஒருவருக்குத் தங்கச்சி, மற்றவனுக்கு மனைவி. புருசன்காரன் யோசிக்கவில்லை. இடையில் இருந்த கை பிரேக்கை நோக்கி என் உடம்பு பாய்ந்தது. அதை நான் இழுத்திருந்தால் கெப் நின்றிருக்கும், ட்ரெய்லர் நின்றிருக்காது. வள்ளம் எங்களைச் சுற்றி வந்து, பஸ்ஸின் முன் தன்னையும் தன்னுள் இருந்தவர்களையும் விரித்துப் போட்டிருக்கும்.

மச்சானின் இடது முழங்கை வந்தது. நான் இதுவரை பார்த்த வேகங்களில் அதற்கு நிகர் இல்லை. என் முன்பல் ஒன்று வாயை விட்டுப் புறப்பட்டு, முன் கண்ணாடியில் பட்டு, மணி அடித்ததுபோல் ஒலித்து, எங்கோ விழுந்தது. நான் ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டேன். மச்சானின் கை திரும்பவும் ஸ்டேரிங்கில் இருந்தது. இரண்டு கையும் நேராக. அவர் என்னைப் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. பிரேக்கைத் தொடவே இல்லை. அக்சிலேட்டரை மிதித்திருந்த காலை ஒரு நகக்கண் ஒரு நகக்கண்ணாக எடுத்தார். இழுத்த பக்கத்துக்கு எதிராகக் கொஞ்சமே கொஞ்சம் ஸ்டேரிங்கைத் திருப்பினார், அதுவும் கேட்டுக் கேட்டு. வெருண்ட மாட்டோடு கதைப்பதுபோல் ட்ரெய்லரோடு கதைத்தார்.

“பொறு. பொறு மகனே. ஒரு அவசரமும் இல்ல. பொறு.”

பஸ் எங்கள் கண்ணாடியை உரசிக் கொண்டுபோனது. பஸ் சாரதியின் வாய் திறந்திருந்ததில் அவருடைய கடவாய்ப் பல் எனக்குத் தெரிந்தது. குப்புறப் படுத்திருந்த மனிதரின் சாரத்து நுனிக்கும் எங்கள் சில்லுக்கும் இடையில் ஒரு வாழைப்பழம் வைக்கலாம். வள்ளத்தின் வால் ஒருமுறை வீசியது, இன்னொருமுறை வீசியது, பிறகு களைத்தது. அவர் நாலு லைட்டையும் போட்டார். அந்த இடத்தில் நிறுத்தவில்லை. இரும்பு தெருவை உழ, பின்னால் மூன்று பெண்கள் அவருடைய ஏழு தலைமுறைக்கும் சாபம் கொடுக்க, ஆட்டோவில் திரும்பி வந்த அலியார் பக்கத்தில் ஓடிக்கொண்டே “நிப்பாட்டு மனிசா, றிம் போச்சி” என்று கத்த, ஆமை வேகத்தில் ஊர்ந்து, ஒரு நெல் மில்லின் அகன்ற வாசலுக்குள் திருப்பித்தான் நிறுத்தினார்.

இறங்கி வெடித்த டயரைப் பார்க்கவில்லை. படங்கை உரித்தார். பெண்களை ஒவ்வொருவராகத் தெருவில்லாத பக்கமாக இறக்கி, “அங்கால போங்க” என்றார். போனார்கள். “இன்னும் அங்கால. மதிலுக்கு அங்கால.” ஜெமீலா மட்டும் போகவில்லை. அண்டா மூடியை எடுத்துத் தன் சொந்தக் காக்காவின் தோளிலும் முதுகிலும் அடித்தாள்.

“கத்துறன் கத்துறன், நிப்பாட்டாமப் போறாய். என்னக் கொல்லப் பாத்தயா?”

அவர் அடியை வாங்கிக்கொண்டே, “ஓம், ஓம். மதிலுக்கு அங்கால நிண்டு அடி” என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு, என் பல்லைத் தின்ற அந்த டயர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் தெருப் பக்கமாகச் சுற்றிப் போனேன். பின்னால் இருந்து சேட்டுக் கழுத்தைப் பிடித்து ஒரு இழுவை. அதே கணம் ஒரு பஸ் என் மூக்கின் முன்னால் போனது. அதன் காற்று என் தொப்பியைக் கழற்றி வயலுக்குள் எறிந்தது.

“எங்க போறாய்?”

“டயரப் பாக்க.”

“அது மௌத்து. நீ போய் அதுக்கு ஜனாஸா தொழுகத் தேவல்ல. செத்தது அங்கேயே கிடக்கும். உசிரோட இரிக்கிற எல்லாரும் முதல்ல அங்கால வா.”

பூவரசங் கொப்புகளை முறித்துத் தந்து, வந்த வழியே தெருவோரமாக நன்றாகப் பின்னால் போய்ப் போடச் சொன்னார். வெடிப்புக்குப் பக்கத்தில் போடாதே, வருகிறவன் பார்த்து யோசித்துக் காலைத் தூக்க நேரம் கொடு என்றார். அலியார் ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுக் கெப்பில் போய் ஆள் கூட்டி வரலாம் என்றார். கெப்போடு கொழுவி இருப்பதால்தான் இந்த வள்ளம் உன் மேல் விழாமல் நிற்கிறது என்று அலியாரைத் தள்ளிவிட்டார். நல்ல சில்லின் முன்னும் பின்னும் கல். வண்டி தூக்கும் ஜக்குக்குக் கீழே மில்காரர் கொடுத்த பலகை. சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டுத்தான் தூக்கினார். ஒரு விரல்கூட வள்ளத்தின் அடியில் போக விடவில்லை.

இதற்கிடையில் மணல் லொறிக்காரர் இரப்பர்ப் பட்டையைத் தோளில் சால்வையாகப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். மச்சானின் சேட்டைப் பிடித்தார்.

“இது உங்கட சாமானா?”

“ஓம்” என்றார் மச்சான். “இவ்வளவு கிட்ட வந்தா இதுதான் கிடைக்கும். சக்கரைச் சோறு தின்னுறயா?”

அவர் தின்றார். மில்லில் வேலை செய்தவர்கள் தின்றார்கள். தெருவில் படுத்த மனிதரும் எழுந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, வெட்கத்தோடு கையை நீட்டினார். நிந்தவூர்க் கடற்கரைக்குப் போக வேண்டிய நார்சா நெல் மில் வாசலில் முடிந்தது. என்னால் மட்டும் தின்ன முடியவில்லை.

வேலை முடிந்து கையைக் கழுவ வாய்க்கால் கட்டுக்குப் போன மச்சான் திரும்பி வரவில்லை. தேடிப் போனேன். கட்டில் குந்தியிருந்தார். வலது காலை இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. காற்றில் வாழை இலை ஆடுவதுபோல ஆடியது. அவர் பிடித்தும் நிற்கவில்லை.

“மச்சான்” என்றேன். பல் இல்லாததால் ‘மத்தான்’ என்று வந்தது.

“அவட சத்தம் கேட்டதும் இந்தக் கால் பிரேக்குக்குப் போகப் பாத்த” என்றார், காலைப் பார்த்துக்கொண்டே. “எவ்வளவு சொன்னாலும் கேக்குதில்ல. போகப் போகப் பாத்த. என்ட காலுக்கு அடிக்க எனக்கிக் கையில்ல மச்சான். அதான் உன்ட வாய்க்கு அடிச்ச.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்று நான் எழுத மாட்டேன், ஏனென்றால் கேட்கவில்லை. பக்கத்தில் குந்தினேன். அந்தக் கால் அடங்கும் வரை இருவரும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் எழுந்து, போய், அலியாரின் கன்னத்தில் ஒன்று கொடுத்தார். அலியார் அதை வாங்கிக்கொண்டு “ஓம் காக்கா” என்றார். இந்த முறை அந்த ‘ஓம்’ மெதுவாக வந்தது. அன்றைக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் சக்கரைச் சோறு ஆட்டோவில் போகிறது, வள்ளம் வெறுமையாகப் போகிறது. மீன் குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றி நான் மிகைப்படுத்தப் போவதில்லை. உடலைச் சுமந்த சந்தூக்கின் முன் நுனி மையவாடியில் இருந்தபோது கூட்டத்தின் பின் நுனி பாண்டிருப்பில் இருந்தது, அவ்வளவுதான். தங்கராசா வினாயகபுரத்தில் இருந்து வந்து, வீட்டு வாசலில் நின்று முகத்தைப் பார்த்தார். காதை உற்றுப் பார்த்தார்.

“எண்ட கையெழுத்து இன்னும் இருக்கு” என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, மதிலில் சாய்ந்து நின்று அழுதார். நான் அவருடைய தோளைப் பிடித்தேன். அந்த டயரை அன்றைக்கு யாராவது இழுத்திருந்தால் இழுக்கிற வாகனத்தில் முன்னால் இருந்திருக்கப்போவது அவரும் அவருடைய மகனும் என்பதை அவர் எனக்கு அப்போதுதான் சொன்னார்.

மறுமையில் எல்லோரும் கடக்க வேண்டிய, மயிரினும் மெல்லிய அந்தப் பாலத்தில் பிரேக் பிடிக்காமல், தலை குனியாமல், கையை நேராக வைத்துக் கடப்பதற்கு எங்கள் ஊரில் தகுதியான ஆள் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான். அல்லாஹ் அவருக்கு அகன்ற ஓரமுள்ள பாதையைத் தருவானாக.

அவர் ஒத்துக்கொண்டிருந்த ஒரு வேலை பாக்கி இருந்தது. கோமாரி வாடிக்கு ஒரு வள்ளம். போன வாரம் நான் இழுத்துக்கொண்டு போனேன். ஜெமீலா இடப்பக்க ஆசனத்தில் ஏறினாள். எதற்கு என்று கேட்டதற்கு, “உங்கள நம்பி வள்ளத்த அனுப்பலாம், உங்களத் தனிய அனுப்ப ஏலா” என்றாள். புறப்படுமுன் பொல்லால் அடித்தேன், காற்று அளந்தேன், திருக்கோவிலில் புறங்கை வைத்துப் பார்த்தேன். எல்லாம் செய்தும், கோமாரிக்குக் கிட்ட, தெருவில் கிடந்த ஏதோ ஒரு இரும்பைத் தின்று வலப்பக்க டயர் வெடித்தது.

வாகனம் தெருவின் நடுவுக்கு இழுத்தது. எதிரே ஒரு டிப்பர். பக்கத்தில் ஜெமீலா “அல்லாஹ்” என்றாள், அதே குரலில். என் வலது கால் பிரேக்கைத் தேடிக் கிளம்பியது. அது கிளம்பியதை நான் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை, அந்தக் கால் சொல்லுக் கேட்காது. என் நாக்கு மட்டும், நான் சொல்லாமலே, முன்வாயில் இருந்த ஓட்டைக்குப் போய் அங்கே அழுத்திக்கொண்டது. கால் நின்றது. இரண்டு கையும் நேராக. மெல்ல மெல்ல விட்டேன். “பொறு மகனே” என்று யாரோ சொன்னது கேட்டது. என் குரல்தான்.

டிப்பர் போய்விட்டது. நாலு லைட்டையும் போட்டு, தெரு அகன்று ஒரு மரநிழல் வரும் வரை ஊர விட்டு நிறுத்தினேன். ஜெமீலாவை இடப்பக்கமாக இறக்கி, அங்கால போ என்றேன். போனாள். இன்னும் அங்கால என்றேன். போனாள். கொப்பு முறித்துப் போட்டுவிட்டு நானும் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். டயரைப் பார்க்கப் போகவில்லை. என் கால் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பல் வைத்தியர் இத்தனை வருடமாக அந்த இடத்தில் ஒரு பொய்ப் பல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் கேட்கும்போது என் மூச்சு விசிலடிக்கிறது, ‘ச’ வரவேண்டிய இடத்தில் காற்று வருகிறது. என் மச்சானின் கெப்பை அவருடைய மகன்மார் வைத்துக்கொள்ளட்டும், பொல்லையும் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவர் தந்தது அந்த ஓட்டை. அதை நான் யாரையும் நிரப்ப விட மாட்டேன்.

“காக்கா இரிந்தா இப்ப என்ன சொல்லுவார்?” என்று அந்த மரத்தடியில் ஜெமீலாவிடம் கேட்டேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, என் வாயை ஒருமுறை பார்த்தாள்.

“ஒண்டும் சொல்ல மாட்டார்” என்றாள். “ஒரு பல்லோட போதும், இனி அடிக்கத் தேவல்ல எண்டு நினைப்பார்.”